மாடர்ன் தியேட்டர்ஸ் திரைப்படங்களில் பெண் பாத்திரங்கள்

மாடர்ன் தியேட்டர்ஸ் திரைப்படங்களில் பெண் பாத்திரங்கள் என்னும் இக்கட்டுரை, சேலத்தில் இயங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனம் 1937 முதல் 1960கள் வரை வெளியிட்ட தமிழ்த் திரைப்படங்களில் பெண்கள் எவ்வாறு சித்தரிக்கப்பட்டனர் என்பதையும், அக்கால இதழ்கள் அப்பாத்திரங்களையும் அவற்றை ஏற்ற நடிகைகளையும் எவ்வாறு விமர்சித்தன என்பதையும் விளக்குகிறது. ஒப்பீட்டுக்காக அதே காலகட்டத்தில் சென்னை, கோயம்புத்தூர் ஆகிய நகரங்களில் உருவான படங்களும் குறிப்பிடப்படுகின்றன.

நிறுவனம்

மாடர்ன் தியேட்டர்ஸ் 1935 ஆம் ஆண்டு டி. ஆர். சுந்தரம் அவர்களால் தொடங்கப்பட்டது. திருச்செங்கோட்டில் 1907 இல் பிறந்த இவர், இங்கிலாந்தில் துணித் தொழில்நுட்பம் பயின்றவர். திருச்செங்கோடு, இராசிபுரம், புதுச்சத்திரம் ஆகிய ஊர்கள் அன்று சேலம் மாவட்டத்தில் இருந்தன. 1997 இல் நாமக்கல் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது அம்மாவட்டத்தில் சேர்க்கப்பட்டன.

படப்பிடிப்பு நிலையம் சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையில் அமைந்திருந்தது. நடிகர், நடிகையர், எழுத்தாளர், இசைக் கலைஞர் பலர் மாதச் சம்பளத்திற்குப் பணியாற்றினர். நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைத் தயாரித்த இந்நிறுவனம், முதல் மலையாளப் பேசும்படமான ‘பாலன்’ (1938), முதல் முழுநீளத் தமிழ் வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) ஆகியவற்றை வெளியிட்டது. சுந்தரம் 1963 இல் காலமானார். பின்னர் அவருடைய மகன் நிறுவனத்தை நடத்தினார். இன்று நிலையத்தின் நுழைவு வளைவு மட்டுமே எஞ்சியுள்ளது.

பெண்கள் திரைக்கு வந்த பின்னணி

தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931 அக்டோபரில் வெளியானது. அதன் கதாநாயகி டி. பி. ராஜலட்சுமி நாடக மேடையிலிருந்து வந்தவர். நாடகக் குழுக்கள் பலவற்றில் பெண் வேடங்களைச் சிறுவர்களே ஏற்று வந்தனர். திரையில் அண்மைக் காட்சி இருந்ததால் அந்த வழக்கம் நீடிக்க இயலவில்லை. பெண் வேடத்திற்குப் பெண்ணே தேவைப்பட்டார்.

ஆயினும் நடுத்தரக் குடும்பத்துப் பெண்கள் நடிக்க வருவது இழிவாகக் கருதப்பட்டது. 1927 இல் சென்னையைச் சேர்ந்த டி. ரங்காச்சாரியார் தலைமையில் அமைக்கப்பட்ட இந்தியத் திரைப்படக் குழுவின் விசாரணையிலும், ‘மதிப்புக்குரிய’ குடும்பத்துப் பெண்கள் நடிக்க முன்வராமை குறித்துப் பேசப்பட்டது. இதனால் தொடக்ககால நடிகையர் பலர் இசையையும் நடனத்தையும் மரபுத் தொழிலாகக் கொண்ட குடும்பங்களிலிருந்தோ நாடகக் குழுக்களிலிருந்தோ வந்தனர். தேவதாசி முறைக்கு எதிரான இயக்கம் வலுப்பெற்று, 1947 இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறிய காலமும் இதுவே. கோயிலையும் அரங்கையும் சார்ந்த வாழ்வு முடிவுக்கு வந்தபோது, கலை பயின்ற பெண்களுக்குத் திரைப்படம் புதிய வருவாய் வழியாக அமைந்தது. அதே வேளையில், பழைய தொழில் மீதிருந்த ஐயப்பார்வை நடிகையர் மீதும் தொடர்ந்தது. அக்கால விமர்சனங்களைப் புரிந்துகொள்ள இப்பின்னணி இன்றியமையாதது.

முதன்மையான பாத்திரங்கள்

அகலிகை

மாடர்ன் தியேட்டர்ஸின் முதல் படம் ‘சதி அகல்யா’ (1937). கௌதம முனிவரின் வடிவில் வந்த இந்திரனால் வஞ்சிக்கப்பட்டு, கணவரின் சாபத்தால் கல்லாகி, இராமனால் மீட்சி பெறும் அகலிகையின் கதை இது. ‘சதி’ என்னும் முன்னொட்டு அக்காலப் படத்தலைப்புகளில் பெருவழக்காக இருந்தது. எம். ஜி. இராமச்சந்திரனின் முதல் படமான ‘சதி லீலாவதி’ (1936) மற்றோர் எடுத்துக்காட்டு. கற்பும் பொறுமையுமே நாயகியின் இலக்கணம் என்பதைத் தலைப்பே அறிவித்துவிடும்.

அகலிகையாக நடித்தவர் இலங்கையைச் சேர்ந்த கே. தவமணி தேவி. இசையும் நடனமும் அறிந்த இவர், உடையிலும் நடத்தையிலும் அக்கால வழக்கத்தை மீறியவர் எனப் பேசப்பட்டார். பின்னர் ‘வனமோகினி’ (1941) படத்தில் ஆலிவுட் நடிகை டோரதி லாமூரின் காட்டு உடையை ஒத்த தோற்றத்தில் நடித்தார். புராணக் கற்பரசியின் பெயரைத் தாங்கிய படத்திற்கு ஒரு நவீனப் பெண்ணின் கவர்ச்சி விளம்பரமாயிற்று. பெண்ணை வணங்குவதும் காட்சிப்பொருளாக்குவதும் ஒரே படத்தில் இணைந்திருந்தமைக்கு இது தொடக்ககாலச் சான்றாகும்.

மனோன்மணி, அபூர்வ சிந்தாமணி

பெ. சுந்தரம் பிள்ளையின் ‘மனோன்மணீயம்’ (1891) என்னும் செய்யுள் நாடகத்தைத் தழுவிய ‘மனோன்மணி’ 1942 இல் வெளியானது. பி. யு. சின்னப்பாவும் டி. ஆர். ராஜகுமாரியும் நடித்தனர்.

‘ஆயிரம் தலை வாங்கி அபூர்வ சிந்தாமணி’ (1947) நாட்டுப்புறக் கதை ஒன்றை அடிப்படையாகக் கொண்டது. வி. என். ஜானகி, மாதுரி தேவி ஆகியோர் நடித்தனர். தன்னை மணக்க வருவோரிடம் வினாக்கள் கேட்டு, விடை கூறாதவரின் தலையைக் கொய்யும் இளவரசியே கதையின் மையம். அறிவில் ஆணுக்கு மேம்பட்ட பெண் இங்கு நாயகியாக இருக்கிறார். எனினும் அவ்வறிவு அச்சத்துக்குரியதாகவே காட்டப்படுகிறது. விடையறிந்த ஆண் ஒருவனை அவர் மணப்பதில் கதை நிறைவு பெறுகிறது. இதே அமைப்பு, அடங்காத பெண்ணை ஆண் வெல்லும் பிற்காலப் படங்கள் பலவற்றிலும் தொடர்ந்தது.

மந்திரி குமாரி

1950 இல் வெளியான ‘மந்திரி குமாரி’, மு. கருணாநிதியின் நாடகத்திலிருந்து உருவானது. எல்லிஸ் ஆர். டங்கனும் டி. ஆர். சுந்தரமும் இயக்கினர். கதைக்கரு ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றான குண்டலகேசியிலிருந்து பெறப்பட்டது. அமைச்சரின் மகள் அமுதவல்லியாக மாதுரி தேவியும், இளவரசியாக ஜி. சகுந்தலாவும், இராசகுருவின் மகன் பார்த்திபனாக எஸ். ஏ. நடராஜனும் நடித்தனர்.

கொள்ளையனான கணவன் தன்னைக் கொல்லவே மலையுச்சிக்கு அழைத்து வந்துள்ளான் என்பதை உணரும் அமுதவல்லி, இறுதியாக மும்முறை வலம் வந்து வணங்க அனுமதி கேட்டு, பின்புறமிருந்து அவனைத் தள்ளிவிடுகிறார். இக்காட்சிக்கு முன் இடம்பெறும் பாடலைத் திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடினர், இசை ஜி. ராமநாதன். கணவனை வலம் வருதல் என்னும் மனைவிக்குரிய சடங்கே அவனை வீழ்த்தும் கருவியாவது இக்காட்சியின் சிறப்பு.

காப்பியக் கதையில் பத்திரை கணவனைக் கொன்றபின் துறவு பூண்டு, பௌத்தத்தைத் தழுவி, வாதத்தில் வல்லவராக விளங்குகிறார். திரைப்படம் சமய வாதத்தை விடுத்து அரசியல் நீதியை முன்வைத்தது. அமுதவல்லியின் செயல் நாட்டைக் காக்கும் செயலாக நியாயப்படுத்தப்படுகிறது. முதன்மை நடிகர் எம். ஜி. இராமச்சந்திரனாக இருந்தும், தலைப்பு அமைச்சரின் மகளையே குறிக்கிறது என்பது கவனிக்கத்தக்கது.

பொன்முடி

பாரதிதாசனின் ‘எதிர்பாராத முத்தம்’ என்னும் காவியத்தைத் தழுவிய ‘பொன்முடி’யும் 1950 இல் வெளியானது. டங்கன் இயக்க, பி. வி. நரசிம்மபாரதியும் மாதுரி தேவியும் நடித்தனர். காதலர் நெருங்கிப் பழகும் காட்சிகள் வரம்பு மீறியவை என்று கண்டனத்துக்குள்ளாயின. காதலில் பெண்ணுக்கும் விருப்பம் உண்டு என்பதை வெளிப்படையாகக் காட்டிய படம் என்ற வகையில் இது குறிப்பிடத்தக்கது.

திரும்பிப்பார்

1953 இல் வெளியான ‘திரும்பிப்பார்’ படத்திற்கும் கருணாநிதியே உரையாடல் எழுதினார். பெண்களை ஏமாற்றும் பரந்தாமனாகச் சிவாஜி கணேசனும், அவனுடைய தமக்கை பூமாலையாகப் பண்டரிபாயும் நடித்தனர். எவ்வகை அறிவுரைக்கும் செவிசாய்க்காத தம்பியிடம், பெண்ணுடல் மட்டுமே வேண்டுமெனில் தன்னையே எடுத்துக்கொள் எனத் தமக்கை கூறும் உச்சக்காட்சி அதிர்ச்சியையும் நெடிய விவாதத்தையும் உண்டாக்கியது. ஆணின் ஒழுக்கக்கேட்டைக் கண்டிக்கும் படமாயினும், அவனைத் திருத்தும் பொறுப்பும் அதற்கான விலையும் பெண்ணின் மீதே சுமத்தப்பட்டுள்ளன.

மர்ஜியானா

‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ படத்தில் மர்ஜியானாவாக பி. பானுமதி நடித்தார். மூல அரபுக் கதையில் மர்ஜியானா ஓர் அடிமைப் பெண். திருடர்களின் சூழ்ச்சியை முறியடிப்பவர் அவரே. சொந்தக் குரலில் பாடும் ஆற்றலும் உறுதியான உரையாடல் முறையும் கொண்ட பானுமதி, நாயகனுக்கு இணையான இடத்தைப் பெற்றார்.

குற்றவியல் படங்கள்

1960களில் நிறுவனம் துப்பறியும் கதைகளுக்கு மாறியது. ‘வல்லவன் ஒருவன்’ (1966), ‘சி. ஐ. டி. சங்கர்’ (1970) ஆகியவை எடுத்துக்காட்டுகள். இரண்டாவது படத்தின் வழியே நடிகை சகுந்தலா ‘சி. ஐ. டி. சகுந்தலா’ என்று அறியப்பட்டார். இவ்வகைப் படங்களில் விடுதி நடனமாடும் பெண், எதிரியின் கூட்டாளியான பெண் ஆகிய பாத்திரங்கள் பெருகின. கதையைத் திருப்பும் அமுதவல்லி போன்ற பாத்திரங்கள் அருகின.

சமகாலப் படங்களுடன் ஒப்பீடு

இக்காலத்துப் பிற நிறுவனப் படங்கள் சிலவும் பெண்ணின் திருமண வாழ்வை வினாவுக்கு உட்படுத்தின.

- ‘சேவாசதனம்’ (1938): கே. சுப்பிரமணியம் இயக்கியது. பிரேம்சந்தின் புதினத்தைத் தழுவியது. முதியவரை மணக்க நேர்ந்த இளம்பெண்ணாக எம். எஸ். சுப்புலட்சுமி நடித்தார்.
- ‘தியாகபூமி’ (1939): கல்கியின் கதை. கணவனால் கைவிடப்பட்ட சாவித்திரி செல்வந்தரானபின், சேர்ந்து வாழக் கோரும் கணவனின் வழக்கை நீதிமன்றத்தில் மறுத்து, அவனுக்கு ஜீவனாம்சம் தரவும் முன்வருகிறார். எஸ். டி. சுப்புலட்சுமி நடித்த இப்படத்தை ஆங்கிலேய அரசு தடை செய்தது. தேசிய இயக்கச் சார்பே அதற்குக் காரணம்.
- ‘கண்ணகி’ (1942): பி. கண்ணாம்பா நடித்தது. இளங்கோவனின் உரையாடல் புகழ்பெற்றது. அரசனை எதிர்த்துப் பேசும் பெண் குரலுக்கு முன்மாதிரியாயிற்று.
- ‘அந்தநாள்’ (1954): எஸ். பாலசந்தர் இயக்கியது. நாட்டைக் காட்டிக்கொடுத்த கணவனின் இறப்புக்கு மனைவி உஷாவே காரணம் என்பது இறுதியில் வெளிப்படுகிறது. உஷாவாகப் பண்டரிபாய் நடித்தார்.
- ‘இரத்தக்கண்ணீர்’ (1954): நோயுற்ற கணவன் தன் மனைவியை நண்பனுக்கு மணம் செய்து வைக்கிறான்.
- ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ (1962): தான் இறந்தால் மறுமணம் செய்துகொள்ளுமாறு கணவன் கூற, மனைவி மறுக்கிறார். இறுதியில் இறப்பவர் முன்னாள் காதலரான மருத்துவர்.
- ‘சாரதா’ (1962): இல்லறத்திற்கு இயலாத கணவன் மனைவிக்கு மறுமணம் ஏற்பாடு செய்கிறான், மணமேடையிலேயே அவர் உயிர் துறக்கிறார்.

‘மந்திரி குமாரி’, ‘அந்தநாள்’ ஆகிய இரண்டிலும் கணவனைக் கொல்லும் மனைவி நாட்டின் பெயரால் ஏற்கப்படுகிறார். தன் சொந்தத் துன்பத்தின் பொருட்டு மனைவி கணவனை நீங்குவதற்கு ‘தியாகபூமி’க்குப் பின் நெடுங்காலம் திரையில் இடம் கிடைக்கவில்லை. சட்டமோ வேறு திசையில் சென்றது. சென்னை மாகாணத்தில் 1949 ஆம் ஆண்டுச் சட்டம் இந்துக்களிடையே இருதார மணத்தைத் தடுத்து மணமுறிவை அனுமதித்தது. 1955 இல் இந்து திருமணச் சட்டமும், 1956 இல் இந்து வாரிசுரிமைச் சட்டமும் நாடு முழுவதற்கும் வந்தன. கைம்பெண் மறுமணமோ 1856 முதலே சட்டப்படி செல்லும். எனவே 1962 இல் ‘சாரதா’வின் நாயகிக்குச் சட்டத்தில் இருந்த வழி, கதையில் இல்லாமற் போயிற்று.

இதழ்களின் விமர்சனம்

முதன்மை இதழ்கள்

கோயம்புத்தூரில் பி. எஸ். செட்டியார் நடத்திய ‘சினிமா உலகம்’ (1935 முதல்), ‘பேசும் படம்’ (1942 முதல்), பி. ஆர். எஸ். கோபாலின் ‘குண்டூசி’ (1947 முதல்) ஆகியவை திரைப்படத்திற்கென வெளிவந்த இதழ்களுள் முதன்மையானவை. ஆனந்த விகடன், கல்கி, தினமணி கதிர் போன்ற பொது இதழ்களும் விமர்சனம் வெளியிட்டன. ஆனந்த விகடனில் கல்கி எழுதிய விமர்சனங்கள் கூர்மையான நகைச்சுவைக்குப் பெயர்பெற்றவை. ‘குண்டூசி’யின் கேள்வி பதில் பகுதி வாசகரிடையே பெரும் செல்வாக்குப் பெற்றிருந்தது.

விமர்சன அளவுகோல்கள்

1930களின் விமர்சனங்களில் நடிகையின் பாட்டே முதலில் மதிப்பிடப்பட்டது. படம் இசைக் கச்சேரியின் நீட்சியாகக் கருதப்பட்டமையே காரணம். கே. பி. சுந்தராம்பாள் ‘நந்தனார்’ (1935) படத்தில் ஆண் வேடம் ஏற்றதும், அதற்காக அவருக்கு ஒரு இலட்சம் ரூபாய் ஊதியம் வழங்கப்பட்டதும் பெரும் செய்தியாயின. எம். எஸ். சுப்புலட்சுமி ‘சாவித்திரி’ (1941) படத்தில் நாரதராக நடித்தார். குரல் சிறந்திருந்தால் வேடத்தின் பால் வேறுபாடு தடையாகக் கருதப்படவில்லை.

பின்னணிப் பாடல் முறை பரவியபின் இந்நிலை மாறியது. பாடத் தெரியாத நடிகையும் நாயகியாகலாம் என்றானதும், தோற்றம், வயது, உடல்வாகு, உடை ஆகியவை விமர்சனத்தின் முன்னிடத்திற்கு வந்தன. ஆண் நடிகரின் உரையாடல் திறன் விரிவாக அலசப்பட்ட வேளையில், நடிகையரைப் பற்றிய குறிப்பு ஓரிரு அடைமொழிகளில் முடிவதும் உண்டு. மேலும், பாத்திரத்தின் ஒழுக்கமும் நடிகையின் ஒழுக்கமும் ஒன்றாகவே பார்க்கப்பட்டன. ‘பொன்முடி’ போன்ற படங்கள் பண்பாட்டுக் கேடு எனக் கண்டிக்கப்பட்டதும் இவ்வகைப் பார்வையின் விளைவே.

அவதூறு இதழ்கள்

விமர்சனத்திற்கும் வதந்திக்கும் இடைப்பட்ட எல்லை எளிதில் கடக்கப்பட்டது. சி. என். இலட்சுமிகாந்தன் நடத்திய ‘சினிமா தூது’, ‘இந்துநேசன்’ ஆகிய இதழ்கள் நடிகர், நடிகையரின் தனிவாழ்வைப் பற்றி எழுதி விற்பனையாயின. 1944 நவம்பரில் அவர் சென்னையில் கொல்லப்பட்டார். அவ்வழக்கில் தண்டனை பெற்ற எம். கே. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் 1947 இல் விடுதலையாயினர். இவ்வழக்கு இரு ஆண் நடிகர்களின் வீழ்ச்சிக் கதையாகவே நினைவுகூரப்படுகிறது. அவ்விதழ்களில் பெயர் இழுக்கப்பட்ட நடிகையர் அடைந்த இழப்பு அதே அளவுக்குப் பேசப்படுவதில்லை.

பார்வையாளராகப் பெண்கள்

சேலம், நாமக்கல் சமவெளியின் சிற்றூர்களுக்குத் திரைப்படங்கள் பெரும்பாலும் டூரிங் டாக்கீஸ் எனப்படும் கூடாரக் கொட்டகைகள் வழியாகவே சென்றடைந்தன. மணல் பரப்பிய தரையில் பெண்களுக்குத் தனிப்பகுதி ஒதுக்கி நடுவே தடுப்பு வைப்பது இக்கொட்டகைகளின் வழக்கம். வயல்வேலையும் வீட்டுவேலையும் முடிந்தபின் இரவில் பெண்கள் கூட்டமாகச் சென்று அமர்ந்த பொதுவிடங்களுள், கோயில் திருவிழாவுக்கும் தெருக்கூத்துக்கும் அடுத்ததாகக் கொட்டகை இருந்தது. குடும்பக் கதைகளின் வெற்றிக்குப் பெண் பார்வையாளர் இன்றியமையாதவர் என்பதை விநியோகத்தர் அறிந்திருந்தனர். ஆனால் இதழ்களில் எழுதியோர் பெரும்பாலும் நகரத்து ஆண்கள். இரண்டணாப் பாட்டுப் புத்தகத்தைக் கையில் கொண்டு மணலில் அமர்ந்து படம் பார்த்த பெண்களின் கருத்து அச்சில் அரிதாகவே பதிவானது.

பெண் படைப்பாளிகள்

- டி. பி. ராஜலட்சுமி, தாம் எழுதிய கதையைக் கொண்டு ‘மிஸ் கமலா’ (1936) படத்தைத் தயாரித்து இயக்கினார். தென்னிந்தியாவின் முதல் பெண் இயக்குநர் இவரே.
- பி. பானுமதி, ‘சண்டிராணி’யை (1953) தமிழ், தெலுங்கு, இந்தி ஆகிய மும்மொழிகளில் இயக்கினார்.
- வை. மு. கோதைநாயகி அம்மாளின் புதினங்களைத் தழுவி ‘அநாதைப் பெண்’ (1938), ‘சித்தி’ (1966) ஆகிய படங்கள் வந்தன.
- எழுத்தாளர் லட்சுமியின் புதினங்கள் ‘காஞ்சனா’ (1952), ‘இருவர் உள்ளம்’ (1963) ஆகிய படங்களாயின.
- சாவித்திரி, ‘குழந்தை உள்ளம்’ (1969) முதலிய படங்களை இயக்கினார்.

ஆய்வுகள்

தமிழ்த் திரைப்படம் பற்றிய ஆய்வு 1980களில் வலுப்பெற்றது. கா. சிவத்தம்பி, சு. தியடோர் பாஸ்கரன் ஆகியோரின் நூல்கள் 1981 இல் வெளிவந்தன. பாஸ்கரன் தொடக்ககாலப் படங்களின் சமூகப் பின்னணியை விரிவாக ஆராய்ந்தார். எம். எஸ். எஸ். பாண்டியனின் எம். ஜி. ஆர். பற்றிய நூல் (1992), நாயக பிம்பத்தில் பெண் பாத்திரங்களின் இடத்தையும் விவாதிக்கிறது. அம்பை என்னும் புனைபெயரில் எழுதும் சி. எஸ். லட்சுமி, திராவிட இயக்கப் பேச்சிலும் கலையிலும் ‘தாய்’ என்னும் உருவகம் பெண்ணை எவ்வாறு உயர்த்தியும் கட்டுப்படுத்தியும் வைத்தது என 1990 இல் எழுதினார். தமிழ்ப் பெண்ணின் வீரமும் கற்பும் ஒரே சொல்லாடலில் பிணைக்கப்பட்டிருப்பதை இவ்வாய்வு சுட்டுகிறது. கருணாநிதி கதை உரையாடல் எழுதிய ‘பூம்புகார்’ (1964) படத்தின் கண்ணகியையும் இக்கோணத்தில் நோக்கலாம்.

சான்றுகளின் நிலை

1930களில் வெளியான தமிழ்ப் படங்களுள் பெரும்பாலானவற்றின் படச்சுருள்கள் இன்று கிடைக்கவில்லை. ‘மிஸ் கமலா’வும் அவற்றுள் ஒன்று. இந்தியத் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் புனேயில் 1964 இல்தான் தொடங்கப்பட்டது. எஞ்சியவை பாட்டுப் புத்தகங்கள், ஒளிப்படங்கள், விளம்பரங்கள், இதழ் விமர்சனங்கள் ஆகியவையே. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இத்தகைய அச்சுச் சான்றுகளைப் பாதுகாத்து வருகிறது.

படம் அழிந்து விமர்சனம் மட்டும் எஞ்சும்போது, அந்நடிகையின் கலையை அறிய அவரைக் குறைத்து மதிப்பிட்ட எழுத்தையே நாட வேண்டியுள்ளது. எனவே அக்கால விமர்சனங்களைப் படத்தைப் பற்றிய சான்றாக மட்டுமன்றி, எழுதியவரின் காலத்தையும் நோக்கையும் பற்றிய சான்றாகவும் கொள்ள வேண்டும் என்பது திரைப்பட வரலாற்றில் பின்பற்றத்தக்க முறையாகும். ‘மந்திரி குமாரி’, ‘திரும்பிப்பார்’, ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’, ‘அந்தநாள்’ போன்ற படங்கள் இன்றும் பார்க்கக் கிடைப்பதால், அவற்றைப் பொறுத்தவரை விமர்சனத்தையும் படத்தையும் ஒப்பிட்டு ஆராய இயலும்.